பெட்டிக்குள் பேசிய ராசா

அம்புறோசுக்கு ராணி வேஷம் கிடைத்தது அவன் குரலுக்காக. பகலெல்லாம் பல்லேகலத் தோட்டத்து ஸ்டோரில் கோப்பிச் சாக்குத் தைக்கிற மனுஷன். வாயைத் திறந்து பாடினால் கல்லும் கரையும்.

மாதா கோயில் திருநாளுக்குச் சுவானா ராணி நாடகம் போடச்சொல்லிக் கதை கொடுத்தவர் கண்டிச் சாமியார். இஸ்பானியா தேசத்து ராணி அவள். புருஷன் பிலிப்பு ராசா செத்தபிறகும், அவர் தன்னோடு பேசுகிறார் என்று சாதித்து, பிணப்பெட்டியைப் புதைக்க விடாமல் ஊர் ஊராக அலைகிறாள். பைத்தியம், ஆள லாயக்கில்லை என்று பெற்ற தகப்பனே பூட்டிவைக்கிறான். பிறகு பட்டத்துக்கு வந்த மகனும் கதவைத் திறக்கவில்லை. பூட்டிய அறைக்குள் ராணி பாடும் ஒப்பாரியோடு கதை முடிகிறது. அந்த ஒப்பாரிக்காகத்தான் அம்புறோஸ் ஆசையாய் வளர்த்த மீசையை மழித்தான்.

ராசா வேஷம், தோட்டத்து ஆட்களையெல்லாம் மேய்க்கிற பெரிய கங்காணி சுவக்கினுக்கு. திரைச்சீலை அவர் உபயம். கிரீடம் வேறு யார் தலைக்குப் போகும்? ஒத்திகைக்கு வருவது தன் கௌரவத்துக்குக் குறைச்சல் என்று இருந்துவிட்டார். ராசா முதல் காட்சியிலேயே செத்துப்போவார் என்று சொல்ல எவனுக்கும் வாய் வரவில்லை.

பூசை முடிந்த கையோடு, கோப்பி காயப்போடும் களத்தில் நாடகம் தொடங்கியது. வைத்தியன் கைவிரித்தான். நாலு பேர் ராசாவைத் தூக்கி, கட்டுகஸ்தோட்டைத் தச்சரிடம் இரவல் வாங்கிய பெட்டிக்குள் வைத்தார்கள்.

"யாருடா செத்தது?" என்றது பெட்டி.

அதன்பிறகு பிணம் வாய் மூடவில்லை. மெல்லத் தூக்கச் சொன்னது. வெற்றிலை கேட்டது. முன்வரிசையில் இருந்தவனை, வேலைக்கு வராமல் மட்டம் போட்டதற்காக ஏசியது. தூக்கியவர்கள் எல்லாம் அவர் ஆட்கள். சரிங்க சரிங்க என்று இஸ்பானியா முழுக்கச் சுமந்தார்கள்.

சபை கூடியது. "என் நாயகர் பேசுகிறார், கேளுங்கள்" என்றான் அம்புறோஸ், பாடமாக்கியபடியே. பிணம் பேசுமா என்று தகப்பன் ராசா வேஷம் கட்டிய சந்தியாகு கேட்க வேண்டும். கேட்டும்விட்டான்.

"ஏன்டா பேசாது?"

சனம் ராணி பக்கம் சாய்ந்தது. அவள் சொல்வது நெசந்தானே, நம் காதிலும் விழுகிறதே, அவளைப் பூட்டுவது அநியாயம் என்று கூச்சல். சந்தியாகுவும் நாளைக்குக் கங்காணி முன்னால் நிற்க வேண்டியவன். ராணியே ஆளட்டும், மங்களம் பாடுங்கள் என்று சொல்லிவிட்டான்.

இஸ்பானியாவை வைத்துக்கொண்டு அம்புறோஸ் என்ன செய்வான்? ஒப்பாரியே இல்லையென்றால் மீசை போனது எதற்கு? பெட்டிக்குள் குனிந்து பார்த்தான். பிறகு சபையைப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் கேக்கலையே. செத்தவங்க எங்கயாச்சும் பேசுவாங்களா?" என்றான்.

பிணம் எழுந்து உட்கார்ந்தது. தோட்டமே கேட்கிற பேச்சு இவளுக்கு மட்டும் கேட்கவில்லையா, சந்தேகமில்லை, பைத்தியந்தான், பூட்டுங்கள் என்றான் சந்தியாகு, போன உயிர் திரும்பியவனாக. சனமும் அதை ஒப்புக்கொண்டது.

அம்புறோஸ் பாடினான். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். கங்காணி பெட்டிக்குள் மல்லாந்து, பேச்சுமூச்சில்லாமல், கண்ணீர் காதுக்குள் இறங்கக் கிடந்தார். அன்றைக்கு அவர் ஒழுங்காகச் செத்தது அப்போது மட்டும்தான்.

மறுநாள் காலை பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கணக்கெடுப்பதற்கு முன் கங்காணி ஒவ்வொருவராகக் கேட்டார், நேற்று தான் பேசியது கேட்டதா என்று. எல்லாரும் கேட்டதென்றார்கள். அம்புறோசின் முறை வந்தது. ஆமாம் என்று ஒரு சொல் போதும், தப்பிவிடலாம். ஆனால் அதைச் சொன்னால் நேற்றுப் பாடிய பாட்டும் பொய்யாகிவிடும்.

"கேக்கலைங்க" என்றான்.

இவனுக்குப் புத்தி பிசகிவிட்டது, ஆட்களோடு விட லாயக்கில்லை என்று கங்காணி தோட்டத்துத் துரையிடம் போய்ச் சொன்னார். துரை தலையாட்டினார். ஊசியும் சாக்குமாக அம்புறோசைப் பழைய ஸ்டோருக்குள் தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள்.

அன்று சாயங்காலம் உள்ளேயிருந்து ஒப்பாரி கிளம்பியது. கங்காணி ஒரு கதிரையைத் தூக்கிவந்து வாசலில் போட்டு உட்கார்ந்தார். பாட்டு முடியும்வரை அழுதார். கதவை மட்டும் திறக்கவில்லை.