பல்லைக் காட்டியவள்

வகுப்பில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். முன்பற்கள் இரண்டும் சொத்தையாகிக் கறுத்த பிறகு வந்த பெயர். விடை தெரிந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். தப்பித் தவறிச் சிரித்தாலும் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். "பொண்ணுக்கு எவ்வளவு அடக்கம்!" என்று அத்தை பூரித்துப்போனாள். அடக்கமாவது, மண்ணாங்கட்டியாவது!

விடுமுறையில் அம்மா அவளைப் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் சொத்தையைச் சுரண்டி எடுத்து, பல்லின் நிறத்திலேயே அடைத்துவிட்டு, கண்ணாடியைக் கையில் கொடுத்தார். அதை அவளிடமிருந்து நர்ஸ் பிடுங்க வேண்டியதாயிற்று.

பள்ளி திறந்த அன்று கணக்கு டீச்சர் ஒரு தும்மல் போட்டார். மூக்குக் கண்ணாடி பறந்துபோய்க் குப்பைக்கூடைக்குள் விழுந்தது. வகுப்பே பயந்து வாயைப் பொத்திக்கொண்டது. ஒருத்தி மட்டும் பொத்தவில்லை.

"என்ன பல்லைக் காட்டுற? வெளிய போய் நில்லு!"

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கத்தினாள்: "அம்மா! டீச்சர் என்னை வெளிய நிக்க வெச்சுட்டாங்க! நான் பல்லைக் காட்டினேனாம்!"

அம்மா கோபப்பட வேண்டிய இடம்தான். ஆனால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"எப்படிக் காட்டின? எங்க, எனக்கும் ஒரு தடவை காட்டு."