ஏழாவது பல்பு

பேட்டரிப் பஞ்சாயத்து நடந்த அன்று காலை என் கார் ஷெட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், மரியமுத்து. என் தம்பி யேசுராஜ். அவன் மகள் ஜெனிஷா. அடுத்த வாரம் அவளுக்குக் கல்யாணம். பக்கத்து வீட்டு சிவநாதன், மின்துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். கார் எலக்ட்ரீஷியன் நூகு. ஆறாவதாக ஒருவர் இருந்து எல்லாவற்றையும் பார்த்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

கார் எங்கள் அப்பா வாங்கிய ஃபியட். எங்கள் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் அதில்தான் மாதா கோயிலுக்குப் போய்த் தாலி கட்டிக்கொண்டார்கள். வாடகைக் கார் எங்கள் வாசலுக்கு வந்ததில்லை. ஆனால் மீட்டர் விளக்குகள் மங்கிப் போயிருந்தன.

“பெரியப்பா, பெட்ரோல் முள்ளு எங்க நிக்குதுன்னு செல்போன் டார்ச் அடிச்சுப் பாக்குறீங்க. பாக்கறவங்க சிரிக்கிறாங்க” என்று சொல்லி ஜெனிஷா எண்ணி ஏழு எல்இடி பல்புகளை வரவழைத்துவிட்டாள்.

மாட்டுவதற்கு நூகுவை அழைத்தோம். அவர் டாஷ்போர்டைத் திறக்கும் முன்பே பேட்டரி நம்பரையும் ஓடிய கிலோமீட்டரையும் டைரியில் எழுதிக்கொண்டேன். கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பழைய காரில் எதைக் கழற்றினாலும் விலை போகும். வேலைக்கு விட்ட வண்டி வேறு கார்பரேட்டரோடு திரும்பி வந்த கதைகளை நான் கேட்டிருக்கிறேன்.

ஆறு பல்புகளை மாற்றினார். ஏழாவதை என் கையில் கொடுத்தார்.

“இது சார்ஜ் லைட்டுங்கய்யா, அந்தச் சிகப்பு. அதுக்குப் பழைய பல்பே இருக்கட்டும். பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர் வேலை செய்யறதுக்கு அது வழியாத்தான் கரண்ட் போகணும். எல்இடி அவ்வளவு விடாது. மாத்திடாதீங்க.”

சரி என்றேன். நம்பவில்லை. கடையில் வேறு வண்டி காத்திருக்கிறது, பாதியில் எழுந்து போக ஒரு சாக்கு என்று நினைத்தேன். மறுநாள் காலை டாஷ்போர்டுக்கு அடியில் நானே கையை விட்டு, பழைய பல்பை உருவி, புதியதைச் செருகினேன். சாவியைத் திருப்பினால் சிகப்பு எரியவேயில்லை. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்றால் எச்சரிக்க ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அதன்பின் நான்கு நாள் சாயங்காலங்களில் ஹெட்லைட் போட்டுக்கொண்டு பத்திரிகை வைக்கப் போனோம். நான்காம் நாள் டி.ஆர். பட்டினத்தில், சம்பந்தி வீட்டு வாசலில், வண்டி கிளம்பவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா ஜாக்சனும் அவர் ஆட்களும் தெருமுனை வரை தள்ளினார்கள்.

“என்னங்க சம்பந்தி, கல்யாணத்தன்னிக்கும் நாங்கதான் தள்ளணுமா? இப்பவே சொல்லிடுங்க, நல்ல ஆளாப் பாத்து வைக்கிறோம்” என்றார் ஜாக்சன்.

தெருவே சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது.

“பேட்டரியை மாத்திட்டான் அந்த நூகு. நல்லதை எடுத்துக்கிட்டு செத்ததை வச்சிட்டான்” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

எங்களுக்கு முன்னால் அந்தப் பேச்சு எங்கள் ஊர் கோவில்பத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. நூகு கடையில் விட்டிருந்த இரண்டு வண்டிகளை மறுநாளே சொந்தக்காரர்கள் திருப்பி எடுத்துப் போனார்கள்.

வண்டி நின்றுபோன மூன்றாம் நாள் காலை நூகுவே வந்தார். சாட்சிக்கு சிவநாதனைக் கூட்டிவந்திருந்தார்.

“பதினெட்டு வருஷமா தொழில் பண்றேங்கய்யா. இன்னிக்கு என் கடை வாசல்ல ஒரு வண்டி இல்ல. நான் எடுத்தேன்னா எடுத்ததைக் காட்டுங்க.”

டைரியை எடுத்தேன். பேட்டரி நம்பர் ஒத்துப்போனது.

“நம்பரை ஒட்டுறது பெரிய வேலையா?” என்றேன்.

“அப்ப பேட்டரிக்குள்ள இறங்கித்தாங்க பாக்கணும்” என்றார் சிவநாதன். ஜெனிஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யேசுராஜ் அவளை முறைத்தான்.

பேட்டரியை யேசுராஜ் வெளியே கொடுத்து சார்ஜ் ஏற்றி வைத்திருந்ததால் இன்ஜின் கிளம்பியது. நூகு பேட்டரியில் தன் மீட்டரை வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு வோல்ட்டைத் தாண்டி முள் நகரவில்லை.

“சார்ஜே ஏறலைங்க.”

“அப்ப ஆல்டர்னேட்டர்ல கை வச்சிருக்கீங்க” என்றேன்.

அவர் இன்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பினார். “சிகப்பு எங்கங்க?” என்றவர், மல்லாந்து படுத்து உள்ளே கையை விட்டுப் பல்பை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். எல்இடி.

“இது நான் வச்சதில்லைங்க.”

சிவநாதன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“விடுங்க பாய்” என்றான் யேசுராஜ். “ஏழு பல்பையும் மாத்தற வேகத்துல கை தவறி வச்சிருப்பீங்க. மறதி யாருக்குத்தான் இல்ல? பேட்டரின்னு பேசினது தப்பு, மறதின்னு சொல்லிக்கலாம்.”

வழி திறந்துதான் இருந்தது. நான் பல்பை மாற்றியதை யாரும் பார்க்கவில்லை. பேசாமல் இருந்தால் கல்யாண வீட்டின் பெயர் கெடாது. நூகு திருடர் இல்லை என்றாகும். வேலை தெரியாதவர் என்றாகும். அவர் தரையிலிருந்து எழாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் ஒருவேளை நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

“நான்தான் மாத்தினேன். நீங்க வேண்டாம்னு சொல்லியும் மாத்தினேன்.”

“அண்ணே!” என்றான் யேசுராஜ்.

“பழைய பல்பு இருக்குங்களா?” என்றார் நூகு.

அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மாட்டினார். சாவியைத் திருப்பியதும் சிகப்பு எரிந்தது; இன்ஜின் கிளம்பியதும் அணைந்தது. மீட்டர் முள் பதினான்கில் நின்றது.

அன்று சாயங்காலமே டி.ஆர். பட்டினம் போய், அதே வாசலில் நின்று, நடந்ததைச் சொன்னேன். “ஒரு பல்புக்கா எங்க முதுகை ஒடிச்சீங்க?” என்றார் ஜாக்சன். அடுத்த இரண்டு நாளும் எங்கள் காரை நூகு கடை வாசலில் நிறுத்தி, காலை முதல் மாலை வரை நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேட்டவர்களுக்குச் சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

பாவம் அந்தப் பாயின் பிழைப்பு கெடக்கூடாது என்று மரியமுத்து பெரிய மனது பண்ணிப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்று இப்போது ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். பல்பை மாற்றியது நான்.