கணக்கில் வராத புளியோதரை

ரஞ்சனி எடை மெஷினில் ஏறி நின்றாள். எண் சற்றுத் தடுமாறி, போன வாரத்தைவிடக் கீழே போய் நின்றது. அன்புச்செல்வன் குனிந்து பார்த்தார். "பேட்டரி வீக்கா இருக்கு." போன வாரமும் அதையேதான் சொல்லி, புது பேட்டரி போட்டிருந்தார்.

அவர் திருவெறும்பூர்த் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்த்து ஓய்வு பெற்றவர். இரும்பு கையை விட்டுப் போனதும் மனிதர்களை அளக்கத் தொடங்கியிருந்தார். உயரம், வயது, எடை போட்டால், உடம்பு ஏறாமல் இறங்காமல் இருக்க நாளொன்றுக்கு எத்தனை கலோரி வேண்டும் என்று செல்போன் சொல்லிவிடும். நடுவில் ஒரே கேள்வி: உழைப்பு எப்படி? காலையில் பார்க்கில் நாலு பேரை நிறுத்திவைத்துப் பேசுகிற தனக்கு 'கடும் உழைப்பு' என்று அழுத்தினார். மனைவிக்கு, 'உட்கார்ந்த வேலை'. "வீட்லதானே இருக்கே?" அவள் அப்போது மாடியிலிருந்து துணிமூட்டையோடு இறங்கிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு தராசில். நேற்றுப் படியில் கண் இருட்ட, கைப்பிடியைப் பற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து வந்தவர், அவள் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, 'உட்கார்ந்த வேலை' என்று தான் போட்ட கணக்கு சரிதான் என்பதுபோல் தலையாட்டிவிட்டுப் போனார்.

இன்று ஸ்ரீரங்கம். பக்கத்து வீட்டுச் செல்லக்கிளியும் கூட வந்தாள். பஸ்ஸில் வழி நெடுக அவளுக்குக் கலோரிப் பாடம் நடந்தது. வரிசையில் ரஞ்சனி கம்பியைப் பிடித்தபடியே நகர்ந்தாள். தரிசனம் முடிந்து, பிரசாத ஸ்டாலில் ஆளுக்கொரு தொன்னை புளியோதரை வாங்கினார்கள். அவர் தன்னுடையதை வழித்துவிட்டு இன்னொன்று வாங்கிவந்தார்.

செல்லக்கிளி மெல்லக் கேட்டாள். "இதுக்கு எவ்வளவு சார் போடுவீங்க?"

"பிரசாதம்மா இது. பெருமாள் குடுக்கறது. இதுக்கு ஏது கலோரி?" பக்கத்தில் நின்ற இரண்டு பேர் பக்தியோடு ஆமோதித்தார்கள்.

ரஞ்சனியின் தொன்னை எப்போதோ காலி.

"எனக்கு இன்னும் வேணுங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "உனக்கு இன்னிக்கு அளவு..."

"பெருமாள் குடுக்கறதுங்க."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் செல்லக்கிளி திரும்பிப் பார்த்தாள். அந்த இரண்டு பேரும் பார்த்தார்கள். வாய்க்கு அருகில் போயிருந்த தொன்னை அவர் கையிலேயே நின்றது. ரஞ்சனி அதை வாங்கிக்கொண்டாள்.

தூணில் சாய்ந்து, அவரைப் பார்க்காமல், மென்று மென்று தின்றாள். அவர் கை இன்னும் தொன்னை அளவுக்குக் குழிந்தே இருந்தது. விரல் நுனியில் எண்ணெய் மினுங்கியது.

கடைசிப் பருக்கையையும் வழித்துவிட்டு, அவள் காலித் தொன்னையை அந்தக் கையில் வைத்தாள். பிறகு ஸ்டாலைப் பார்த்தாள்.