பதினாறு ஜிபியில் ஒரு ‘என்கிற’

1

இந்தக் கதை எனக்கு இனாமாகக் கிடைத்தது. அதனாலேயே இதன்மேல் எனக்கு முழு நம்பிக்கை இல்லை.

வேப்பம்பட்டில் ஏறிய ஒரு பெண் ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்து, கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு வந்தாள். திருநின்றவூர் தாண்டும்வரை “ம்” மட்டும்தான். பிறகு ஒரே ஒரு வாக்கியம்: “சுருக்கினாலும் ஒரு எழுத்துகூட போவாதாமே ண்ணா?”

நல்ல சேதி சொல்கிற சொற்கள். சாவுச் சேதி சொல்கிற குரல்.

அவள் ஆவடியில் இறங்கிக்கொண்டாள். எழுத்து எதுவும் தொலையாது என்பதற்கு ஒருத்தி ஏன் பயப்பட வேண்டும்? இந்தக் கேள்வியோடு அம்பத்தூர்வரை போனேன். இதற்குமேல் வருவதெல்லாம் நானாகக் கட்டியது. அவள் ‘ண்ணா’ என்றது யாரை என்று எனக்குத் தெரியாது. அவனுக்கு ஜாபஸ் என்று பெயர் வைத்தேன்.

2

தொடக்கங்கள்.

‘ஆலய அலுவலகத்தின் ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக—’ வேண்டாம். இந்த வெயிலை வேறு கதைகளில் செலவழித்துவிட்டேன்.

‘ஜாபஸ் நேர்மையானவன்.’ இதையும் அடித்தேன். முதல் வரியிலேயே ஒருவனை நேர்மையானவன் என்று சொன்னால், இரண்டாவது வரிக்குள் நீங்கள் அவன் சட்டைப்பையைச் சோதிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

சரி, இப்படி: திருமுல்லைவாயல் பக்கம் ஒரு சிறிய சபையில் ஜாபஸ் எழுத்தராக இருந்தான். அதற்கு முன் பதினெட்டு வருஷம் அம்பத்தூரில் ஒரு கடையில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் தட்டச்சு செய்தவன். சபைக்கு எழுபத்தைந்தாம் ஆண்டு வந்தது. ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கரையான் அரிப்பதற்குள் படமெடுத்து வைக்கச் சொன்னார் சபைச் செயலாளர் ஹேமநாதன். ஜாபஸ் மூன்று மாதம் உட்கார்ந்து அறுநூற்று நாற்பது பக்கங்களை ஸ்கேன் செய்தான். பதினாறு ஜிபி. அலுவலகக் கணினி மூச்சுவாங்கியது. அதனால் கோப்புகளைச் சுருக்கி ஒரே கட்டாகக் கட்டிவைக்கும் மென்பொருள் ஒன்றை இறக்கினான்.

“இது எவ்ளோ ஜாபஸு?” என்று கேட்டார் ஹேமநாதன்.

“சும்மா சார்.”

“சும்மாவா?”

“சும்மாதான். எத்தினி மிஷின்ல வேணா போட்டுக்கலாம். உள்ள எப்டி எழுதிகீறாங்கன்றதக்கூட தொறந்து வச்சிகீறாங்க. யார் வேணா பாத்துக்கலாம்.”

“நீ பாத்தியா?”

“நான் பாக்கல சார்.”

“ஐயரு பாத்தாரா?” சபைப் போதகரைச் சொன்னார்.

“ஐயருக்கு மெயிலே நான்தான் சார் தொறந்து குடுக்குறேன்.”

“அப்ப எவனும் பாக்கல. எவனும் எட்டிப் பாக்காத ஊட்ட தொறந்து வச்சா இன்னா, பூட்டி வச்சா இன்னா? சும்மா குடுக்குறான்னா உள்ள இன்னாத்தையோ வச்சிகீறான்யா.”

(முதல் வரைவில் ஹேமநாதனுக்குத் தங்கப் பிரேம் கண்ணாடியும், விரலில் பெரிய மோதிரமும் போட்டிருந்தேன். கழற்றிவிட்டேன். அவர் கெட்டவர் என்று எனக்கே இன்னும் தெரியாது.)

பதினாறு ஜிபி ஒன்பதாயிற்று. திரும்ப விரித்தபோது புள்ளிகூடக் குறையவில்லை. கரையான் தின்ற ஓட்டை ஓட்டையாகவே வந்தது. ஜாபஸுக்கு அன்று முழுக்க மனம் நிறைந்திருந்தது. இப்படி நிறைந்திருந்த மனத்தை நான் கலைக்க வேண்டியிருக்கிறது.

3

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஹேமநாதன் ஜாபஸை ஓரமாகக் கூப்பிட்டார்.

“நீ குடுத்த பென்டிரைவ ஊட்ல போட்டுப் பாத்தேன்யா. பேரே வரலயே.”

“எந்தப் பேரு சார்?”

“ஸ்வீட்லின்னு தேடுனேன். இல்ல. யுவராணின்னு போட்டேன். அதுவும் இல்ல.”

“அந்தப் பேரு இன்னாத்துக்கு சார்?”

“சும்மா.”

ஜாபஸ் இந்த இடத்தில் அந்தச் சொல்லைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். நானும்தான். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நம் ஊரில் எதையும் கொடுக்கலாம், எதையும் கேட்கலாம், எதற்கும் காரணம் சொல்லாமல் தப்பிக்கலாம். மென்பொருள்காரன் ‘சும்மா’ கொடுத்தான் என்று சந்தேகப்பட்டவர், தான் ‘சும்மா’ தேடியதை நம்பச் சொல்கிறார்.

4

இங்கே ஒரு விளக்கம் தேவை. கதையை நிறுத்திக் கட்டுரை எழுதுகிறானே என்று நினைக்காதீர்கள். இது தெரியாவிட்டால் அவள் ஏன் பயந்தாள் என்பது விளங்காது.

யுவராணி என்பது அந்த ரயில் பெண்ணுக்குப் பள்ளியிலும், சாதிச் சான்றிதழிலும், ஆவடியில் அவள் வேலை பார்க்கும் அரசு அலுவலகத்திலும் உள்ள பெயர். சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர் என்றிருக்கிறது. அந்தக் காகிதத்தால் கிடைத்த வேலை அது. ஸ்வீட்லின் என்பது சபையில் உள்ள பெயர். எட்டு வயதில் அம்மாவோடு ஞானஸ்நானம் பெற்றாள், அம்மா பெயர் பதிவேட்டில் அடுத்த பக்கத்துக்குப் போயிற்று. மதம் மாறினால் அந்தச் சான்றிதழ் செல்லாது என்கிறது சட்டம். தெருவும் குடிநீர்க் குழாயும் சுடுகாடும் மாறவில்லையே என்று கேட்டால் சட்டம் பதில் சொல்லாது. இரண்டு பெயரும் தனித்தனியாக இருக்கும்வரை இரண்டு பெண்கள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், அன்றைய ஐயர் நல்ல மனிதர், விவரமாக எழுதியிருக்கிறார்: ‘யுவராணி என்கிற ஸ்வீட்லின்.’

அந்த ‘என்கிற’ போதும், வேலை போய்விடும்.

ஹேமநாதனுக்கு ஏன் அது கிடைக்கவில்லை? ஜாபஸ் ஒவ்வொரு பக்கத்துக்கும் அதிலுள்ள மூன்று ஆட்களின் பெயர்களையே கோப்பின் பெயராக வைத்திருந்தான். ஆனால் கை பழகிய பழைய எழுத்துரு விசைகளில் வைத்தான். பத்திரிகைக் கடைக்காரர்கள் அத்தனை பேரும் செய்கிற பிழை. அந்த எழுத்துருவைப் போட்டால்தான் அது தமிழ். கோப்புப் பட்டியலில் அது தமிழாகத் தெரியாது. ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். ‘ஸ்வீட்லின்’ அங்கே இப்படி இருந்தாள்: ];tPl;ypd;

ஜாபஸுக்கு அது படிக்க முடிந்தது. விரலால் படிப்பவன். மற்ற யாருக்கும் அது எதுவுமில்லை.

“அதெல்லாம் ஒழுங்கா தமிழ்ல மாத்திடு,” என்றார் ஹேமநாதன். “பொதங்கெழம வரேன். கூடவே உக்காந்து பாக்குறேன்.”

5

செவ்வாய்க்கிழமை மதியம் அவள் பர்மிஷன் போட்டுவிட்டு ஆலய அலுவலகத்துக்கு வந்தாள். போனில் ஜாபஸ் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். அவள் உட்காரவில்லை.

“ஹேமநாதன் சாரோட தங்கச்சி பையன் எங்க ஆபீஸ்லதான் கீறான் ண்ணா. எனக்கு பிரமோஷன் லிஸ்ட்ல அடுத்தது அவன். தெரியுமா உனக்கு?”

“தெரியாது.”

“மெய்யாலுமே?”

“ஏய், நான் இன்னா உங்க ஆபீஸ் பியூனா? தெரியாதுன்னா தெரியாது.”

“அந்தப் பக்கத்த எடுத்துடு ண்ணா.”

“எடுத்தா அறுநூத்தி முப்பத்தொம்போதுன்னு காட்டும், ஸ்வீட்டி. அதுல லிபினும் கீறான். வர்ற மாசம் கல்யாணம், சர்ட்டிபிகேட் கேட்டுகினு கீறான். அவன இன்னா பண்றது? அவன் ஞானஸ்நானமே எடுக்கலன்றதா?”

“என் பேரு மேல ஒரு துணியப் போட்டு எடுத்திருக்கலாம்ல?”

“இன்னா துணி, தூமத் துணியா? பதிவேடு அது.” சிரிக்க முயன்றான். அவள் சிரிக்கவில்லை. “காயிதம் எப்டியும் பீரோவுலதான கீது? இத்தினி வருசம் இருக்கல?”

“பீரோவுல கீறப்ப தூங்குனேன் ண்ணா. காயிதம் நடக்காது. இது நடக்குது. ஒருத்தன் பாக்கெட்லருந்து இன்னொருத்தன் பாக்கெட்டுக்கு.” பிறகு மெதுவாகக் கேட்டாள்: “நீ ஒரு காப்பி வச்சிகினுகீறியா?”

ஜாபஸ் பதில் சொல்லவில்லை.

ஐயப்பன்தாங்கலில் அவன் வீட்டு அலமாரியில், மனைவியின் புடவைகளுக்கு அடியில், ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. எதையும் மூன்று இடத்தில் வைக்க வேண்டும் என்று இந்தத் தொழிலில் சொல்வார்கள். அதனால் வைத்தானா? இல்லை—

[இந்த வாக்கியத்தை ஐந்து முறை எழுதினேன். ‘இல்லை, என்றாவது உதவும் என்று வைத்தானா?’ ‘இல்லை, தன் வேலையின் மேலுள்ள ஆசையில் வைத்தானா?’ நான் உண்டாக்கிய ஆள், அவன் அலமாரி எனக்குத் தெரியும், அவன் மனம் தெரியவில்லை. முதல் வரைவில் “இல்ல” என்று பொய் சொல்ல வைத்தேன். இந்த மௌனம் அதைவிட மோசமாகப் படுகிறது. இருக்கட்டும்.]

அவள் அவனையே பார்த்துவிட்டு, “சரி ண்ணா” என்று சொல்லிக் கைப்பையை எடுத்துக்கொண்டாள். போகும்போது ‘அண்ணா’ என்றதில் அந்த ‘ண்ணா’ இருந்தது, அண்ணன் இல்லை.

6

முடிவுகள்.

அ. ஜாபஸ் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறான். அந்த மென்பொருளில் சுருக்கி முடித்ததும் மூலக் கோப்புகளை நீக்க ஒரு சிறு கட்டம் உண்டு. தெரியாமல் அதை அழுத்திவிட்டேன், சுருக்கிய கட்டும் திறக்கவில்லை என்கிறான். நல்ல முடிவுதான். ஆனால் பென்டிரைவ் ஏற்கெனவே வானகரத்தில் ஹேமநாதன் வீட்டில் இருக்கிறது.

ஆ. ஹேமநாதன் குற்றமற்றவர். பவள விழா மலரில் அரசு வேலையிலுள்ள சபைப் பிள்ளைகளின் பட்டியல் போடப் பெயர் தேடினார். பெருமைக்காக. இதை எழுதியதும் பேனாவை மூடினேன். அந்தப் பெருமையும் அவள் வேலையைத்தான் பறிக்கும்.

இ. யுவராணி தானே அலுவலகத்தில் போய்ச் சொல்கிறாள். ‘தலைநிமிர்ந்து’ என்று ஒரு சொல் வந்தது. சம்பளம் வாங்குகிற நான் அவளைத் தலைநிமிரச் சொல்வது எளிது. கிழித்தேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஹேமநாதன் தேடியது என்ன? அந்த இரண்டு பெயரும் ஒரே தாளில். அதை நான் நான்காம் பகுதியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன், தெளிவான தமிழில், யாரும் தேடினால் கிடைக்கும்படி. பெயர்களை மாற்றியிருக்கிறேன் என்று சொல்லலாம். நீங்கள் ஏன் நம்ப வேண்டும்?

7

புதன்கிழமை காலை பத்தரை. ஹேமநாதன் நாற்காலியை இழுத்து ஜாபஸுக்குப் பின்னால் போட்டுக்கொண்டார். ஜாபஸ் ஒவ்வொரு கோப்பாகப் பெயர் மாற்றினான். சகாயம்மாள். அப்பாவு. பொன்னம்மாள். ஹேமநாதன் ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். சிலருக்கு, “இவரு நல்ல மனுசன்யா” என்றார். சிலருக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குப் பழைய எழுத்துரு தெரியாது. ஜாபஸ் அடிப்பதுதான் பெயர். ஆனால் சந்தேகம் வந்தால் படத்தைத் திறந்து பார்க்கத் தெரியும். அப்படி இரண்டு முறை திறந்தும் பார்த்தார்.

இருநூற்றுப் பதினொன்று முடிந்தது.

இங்கே நான் எழுந்துகொள்கிறேன். ஜாபஸையும் எழுப்பிவிடுகிறேன், அவனை எனக்கு நம்பத் தெரியவில்லை, என்னையும்தான். நாற்காலி சூடாக இருக்கும், பரவாயில்லை, உட்காருங்கள். அந்தப் பக்கத்தில் மூன்று பேர். லிபின் பெயரை அடித்தாயிற்று. பச்சையப்பன் பெயரையும் அடித்தாயிற்று. ஹேமநாதன் உங்கள் தோளுக்குமேல் குனிகிறார், அவர் மூச்சு காதில் படுகிறது.

“அடுத்தது யாருய்யா?” என்கிறார்.