கல்யாண சிடி, முதல் பாகம்

போகிக்குப் பரணைச் சுத்தம் செய்யப்போன துர்கா, பழைய மிக்சி அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு சிடியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். "யோவ், நம்ம கல்யாண சிடி! மொதோ பார்ட்டு! எத்தினி வருசமா தேடிகினு இருந்தோம்!" அவள் புருஷன் குணசேகரன் கையிலிருந்த டீயை அப்படியே கீழே வைத்தான். அந்த சிடியைப் பெட்டிக்குள் ஒளித்தவனே அவன்தானே!

திருத்தணி மலைமேல்தான் கல்யாணம். முகூர்த்தம் நெருங்கும்போது மாப்பிள்ளையான இவன் பயந்துபோய், ஆளை விட்டால் போதும் சாமி என்று படிக்கட்டுப் பக்கம் ஓட்டம் பிடித்தான். பாதி வழியில் திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி மணையில் உட்கார்ந்து தாலியும் கட்டிவிட்டான். இயற்கைக் காட்சி எடுக்கிறேன் பேர்வழி என்று அங்கே நின்ற வீடியோக்காரன், பாழாய்ப்போனவன், அந்த ஓட்டத்தையும் சேர்த்துப் பிடித்துத் தொலைத்திருந்தான். உடைத்துப் போட்டிருக்கலாம். கல்யாண சிடியாயிற்றே, சாமி கண்ணைக் குத்திவிடும் என்று பயம். இப்போது துர்கா அதைப் பார்த்தால்? ஆட்டோ ஓட்டிவிட்டு எந்நேரம் வந்தாலும் சுடச்சுடச் சோறு போடுகிறவள். அவள் முகம் வாடினால் அவனால் தாங்க முடியாது, சத்தியமாக முடியாது.

வீட்டிலிருந்த பழைய பிளேயர் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. ஆனால் பொங்கலுக்கு வந்திருந்த துர்காவின் தம்பி ஆகாஷ் சென்னையிலிருந்து, டிவியில் மாட்டி விளையாடும் ஒரு கேம் பொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். "அக்கா, இத்துல ஓடாத டிஸ்க்கே கெடையாது!" என்றான்.

குணசேகரன் கொல்லைப்பக்கம் போய், அரக்கோணத்தில் டிவி மெக்கானிக்காக இருக்கும் ஜெரால்டுக்குப் போன் போட்டான். பேசிவிட்டுத் தெம்பாகத் திரும்பி வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

பொட்டி சிடியை உள்ளே இழுத்தது, முனகியது, வெளியே துப்பியது. ஆகாஷ் லுங்கியில் துடைத்துப் போட்டான், ஊதிப் போட்டான். துர்கா சூடம் காட்டாததுதான் குறை.

"சிடி பூட்ச்சுக்கா. என் பொட்டில ஒரு குத்தமும் இல்ல. பாவாக்கு இதெல்லாம் புரியாது, வுடு," என்று அக்கா புருஷனைப் பார்த்துச் சிரித்தான் ஆகாஷ்.

அங்கே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் இந்தப் பொடிப்பயலிடம் எத்தனை வருஷம் மக்குப் பட்டம் வாங்குவது?

"டேய் மச்சான், சிடி நல்லாத்தான் கீது. உன் பொட்டிக்குத்தான் கண்ணு இல்ல. டிஸ்க்க படிக்கிறது லேசர் லைட்டுடா. டிவிடிக்கு செவப்பு, உன் கேம் டிஸ்க்குக்கு நீலம். சிடிக்கு வேற லைட்டு வோணும், டிவி ரிமோட்டுல வர்ற மாதிரி கண்ணுக்கே தெரியாதது. இன்னிக்கு எவன் சிடி போடறான்னு அந்த லைட்ட வெக்காமயே பொட்டிய செஞ்சிட்டானுங்க. நீ தலகீழா நின்னாலும் படிக்காது!"

ஆகாஷ் வாயைப் பிளந்தான். துர்கா புருஷனையே பார்த்தாள்.

"யோவ், ஃபேன் சுத்தலன்னாவே ஜெரால்டு அண்ணனுக்கு போன் போடற ஆளு நீ. இத்த எதுக்குய்யா கேட்டு தெரிஞ்சிகின?"

குணசேகரன் மாட்டிக்கொண்டான். "துர்கா... அன்னிக்கு நான் பயந்து ஓடிட்டேன்."

"அப்பறம் ஏன் திரும்பி வந்த?"

உன் நினைப்பு வந்துவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை. "செருப்ப எவனோ தூக்கினு பூட்டான். வைகாசி வெயிலு. கல்லுல கால வெக்க முடியல."

துர்காவுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"எவனோ இல்லய்யா, நாந்தான்! காலைலயே உன் மூஞ்சி சரியில்ல. உன்ன வுட எனுக்கு மனசில்ல, செருப்ப எடுத்து என் பொடவப் பையில போட்டுட்டேன். நீ குதிச்ச குதிய வீடியோக்காரரு அப்பவே சொன்னாரு. அத்த ஒரு வாட்டி பாக்கணும்னுதான் இந்த சிடிய தேடிகினு கீறேன். டேய் ஆகாசு, ஜெரால்டு அண்ணனுக்கு போன் போடு. சிடி படிக்கிற பழைய பிளேயர் ஒண்ணு உடனே எடுத்தாரச் சொல்லு!"