கைக்கட்டு

கதவில் பதித்திருந்த சின்னக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டுதான் செசிலி அதைப் பார்த்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கடைசிக் கட்டிலில் அம்மா படுத்திருந்தாள். அவள் கைகள் இரண்டையும் பக்கக் கம்பிகளோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கன்றுக்குட்டியைக்கூட இதைவிடத் தளர்த்திக் கட்டுவார்கள். விரல்கள் மட்டும் மடங்குவதும் நீள்வதுமாக இருந்தன.

அம்மாவுக்கு மூச்சிரைப்பு, தஞ்சாவூரில் சேர்த்திருக்கிறோம் என்று அண்ணன் சகாயராஜ் முந்தின நாள்தான் தகவல் சொன்னான். சேர்த்து அதற்குள் இரண்டு நாளாகியிருந்தது. அவளை அலைய வைக்க வேண்டாமென்று நினைத்தானாம். வலங்கைமானிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து ஓடிவந்தவளுக்கு இந்தக் கண்ணாடி மட்டும்தான் மிச்சம். காலையில் ஒரு நோயாளிக்கு ஒருவர்தான் உள்ளே போகலாம். அந்த ஒருவராக அண்ணன் போய்விட்டு வந்திருந்தான்.

அம்மா அருள்மேரிக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. பேச்சு மொத்தமும் கையில்தான். கை நெற்றிக்குப் போனால் ஒரு சொல், நெஞ்சுக்கு வந்தால் வேறு சொல். கம்பியோடு கட்டிய கையில் எந்தச் சொல்லும் முழுசாக வராது. செசிலி கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தாள். ஏதோ ஒன்று தொடங்கியது, பாதியில் அறுந்தது, மறுபடி தொடங்கியது. அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், அந்த அறையில் இருக்கிற ஒருவருக்கும் அது கூப்பிடுவதாகத் தெரியவில்லை.

"ஏண்ணே கட்டிருக்காங்க?"

"மாஸ்கையும் ஊசியையும் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுச்சு. கட்டினாத்தான் வைத்தியம் பாக்க முடியும்னாங்க. நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

"எதுக்குக் கட்டுறாங்கன்னு அம்மாகிட்ட சொன்னியா?"

"என்னத்தச் சொல்றது? அதுக்கு என்னா புரியப்போவுது."

அவன் கெட்டவன் இல்லை. மூன்று நாளாக இந்த வராந்தாவில் பழியாய்க் கிடக்கிறான், முகத்தில் தாடி முள்முள்ளாக முளைத்திருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்தில் 'ஊமச்சி மவன்' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவன். திருக்காட்டுப்பள்ளி பேருந்து நிலையத்தில் அம்மா கையைத் தூக்கினாலே நாலடி தள்ளிப் போய் நின்றுகொள்வான். வீட்டில் எது வேண்டுமென்றாலும் "நீ சொல்லு அதுகிட்ட" என்று தங்கச்சியைத்தான் பிடிப்பான். ரேஷன் கடையிலும் பேங்கிலும் அம்மாவுக்கு வாயாக இருந்தவள் செசிலிதான். அவள் கல்யாணமாகிப் போன பிறகு அம்மாவும் மகனும் ஒரே கூரைக்கடியில் சைகையும் இல்லாமல் சத்தமும் இல்லாமல் காலம் தள்ளினார்கள்.

கதவைத் திறந்துகொண்டு வந்த நர்ஸை செசிலி மறித்தாள். பேஷண்ட் ஒத்துழைப்பே தருவதில்லை, ராத்திரி முழுக்கக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்கள் என்றாள் நர்ஸ். சின்னப் பெண், கண்ணில் தூக்கம் நின்றது.

"ஆட்டலைங்க சிஸ்டர். பேசுறாங்க."

நர்ஸ் ஒரு கணம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். டாக்டர் சொல்லாமல் அவிழ்க்க முடியாது, டாக்டர் ரவுண்ட்ஸில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த ரவுண்ட்ஸ் முடிவதற்குள் செசிலிக்குப் பாதி உயிர் போய்விட்டது. கட்டிலுக்கு மேலே பச்சை எழுத்தில் ஓடிய ஆக்ஸிஜன் எண் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. ஏறியதைவிட இறங்கியதே அதிகம். அவள் கண்ணாடிக்கும் நாற்காலிக்குமாக நடந்தாள். சகாயராஜ் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்து, வம்பு பண்ணாதே, அவர்களுக்குக் கோபம் வந்தால் வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லிவிடுவார்கள் என்று காதோடு சொன்னான். பயம் அவனுக்கும்தான் இருந்தது. அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்டர் மத்தியானத்துக்கு மேல்தான் வந்தார். பொறுமையானவர், நின்று கேட்டார். எழுதிக் காட்டலாமே என்றார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றாள் செசிலி. உதட்டைப் பார்த்தாலே புரிந்துகொள்வார்களே என்றார். செசிலி அவருடைய முகக்கவசத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணாடி வழியாக உள்ளே நடமாடிக்கொண்டிருந்த அத்தனை முகக்கவசங்களையும் பார்த்தாள். டாக்டரும் திரும்பிப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் அதிகம் பேசவில்லை. வலது கையை மட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கிறவரைக்கும் என்றார்.

உள்ளே போனதும் செசிலி முதலில் தன் முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டாள். அம்மாவின் கண் அவள் முகத்தில் வந்து நின்றது. அப்படியே நிரம்பியது. நர்ஸ் முடிச்சை அவிழ்த்தாள். வீங்கிப் போயிருந்த கை உடனே எழவில்லை. அனுமதி உண்டா என்று கேட்கிற மாதிரி நர்ஸைப் பார்த்துவிட்டு, மெதுவாக மேலே வந்தது.

'நான் என்ன தப்புப் பண்ணினேன்?' என்று கேட்டாள் அம்மா.

அம்மா மறுபடி கேட்டாள். முதுகுக்குப் பின்னால் கை போகிற மாதிரி காட்டினாள், தலைமுடியிலிருந்து எதையோ உருவுகிற மாதிரி காட்டினாள். செசிலிக்குப் புரிந்துவிட்டது. சின்ன வயதில் அம்மாவை டவுனில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு எப்படியாவது வாய்ப்பேச்சை வரவழைத்துவிட வேண்டுமென்று பாடுபட்ட இடம் அது. கையால் பேசினால் ஜடை நாடாவை உருவி, கையைப் பின்னால் கட்டி உட்கார வைப்பார்கள். அம்மாவுக்குப் பேச்சும் வரவில்லை, படிப்பும் வரவில்லை. ஒரு வருஷத்திலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். கிழவியான பிறகும் கையைக் கட்டினால் அவளுக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான். மூன்று நாளாகத் தன் தப்பு எதுவென்று தேடிக்கொண்டே படுத்திருந்திருக்கிறாள்.

தப்பு ஒன்றும் இல்லை என்று செசிலி சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது, இந்த மாஸ்க்தான் மூச்சு, ஊசிதான் மருந்து, அதைப் பிடுங்கிவிடக் கூடாதென்றுதான் கட்டினார்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். அம்மா ஊன்றிப் பார்த்தாள். அப்புறம் மாஸ்கைத் தொட்டு, சரி என்று தலையாட்டினாள். அவ்வளவுதான் விஷயம். யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தக் கட்டுக்கு வேலையே இருந்திருக்காது.

அடுத்து, செத்துப்போய்விடுவேனா என்று கேட்டாள்.

பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதை மட்டும் சொல்லிவிடாதே என்று அண்ணன் வாசலிலேயே சொல்லி அனுப்பியிருந்தான். செசிலி அம்மாவிடம் எதையும் மறைத்ததில்லை. ஊரே சேர்ந்து மறைத்ததையெல்லாம்கூட அவள்தான் வந்து சொல்வாள். தெரியாது, ஆனால் ரொம்பக் கஷ்டம் என்கிறார்கள் என்று சொன்னாள். அம்மா அழவில்லை. தெரிந்துகொண்டவளின் அமைதி முகத்தில் வந்தது. மகனுக்கென்று அவள் வைத்திருந்த சைகையாகத் தாடையைத் தொட்டுக் காட்டி, பெரியவனைக் கூப்பிடு என்றாள்.

சகாயராஜ் வந்து கட்டில் ஓரத்தில் நின்றான். அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் கன்னத்தில் விரலை மேலும் கீழுமாக இழுத்துக் காட்டி முகத்தைச் சுளித்தாள். அவன் வழக்கம்போலத் தங்கச்சி பக்கம் திரும்பினான். செசிலி எதுவும் சொல்லாமல் நின்றாள். அவன் கை தானாகக் கன்னத்துத் தாடிக்குப் போனது.

"சவரம் பண்ணலைங்குது" என்றான்.

சாயங்காலம் அவர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். இனிக் கட்ட மாட்டோம், புரிந்துகொண்டார்கள் என்று அந்தச் சின்ன நர்ஸ் செசிலியின் தோளைத் தொட்டுச் சொன்னாள். செசிலி அதை நம்பினாள். நம்பாமல் வேறென்ன செய்வாள்.

பொழுது விடியும்போது கூப்பிட்டு, முடிந்துவிட்டது என்றார்கள். வேறு நர்ஸ், வேறு டாக்டர். துணியை விலக்கிக் காட்டியபோது அம்மாவின் இரண்டு மணிக்கட்டிலும் சிவப்பாகப் புது வரி ஓடியிருந்தது. ஷிப்ட் மாறியிருக்கிறது, சொல்லிவிட்டுப் போக மறந்திருக்கிறார்கள். செசிலி அந்த வரியைத் தடவிக்கொண்டே இருந்தாள். சகாயராஜும் அதைப் பார்த்தான். சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டி, கல்யாணத்துக்கு எடுத்த சேலையைச் சுற்றினார்கள். சித்தி பழைய வேட்டியைக் கிழித்து நாடா நாடாவாகப் போட்டாள். தாடையைக் கட்டினாள், கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள். அடுத்து கைகளை நெஞ்சின்மேல் வைத்து, கட்டைவிரல் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தாள்.

"கையைக் கட்டாதீங்க சித்தி" என்றாள் செசிலி.

சித்தி நிமிர்ந்து பார்த்தாள். கட்டாவிட்டால் கை சரிந்துவிடும், ஜெபமாலை எதில் நிற்கும், பார்க்க நன்றாகவா இருக்கும் என்றாள். காலங்காலமாகச் செய்கிறதுதானே என்று இன்னொருத்தி எடுத்துக்கொடுத்தாள். கோயில் உபதேசியார் வாசலில் நின்றபடி, சம்பிரதாயம்தான், தப்பில்லை என்றார். ஊரெல்லாம் கூடி நிற்கிற இடத்தில் இதை எங்கிருந்து தொடங்கி எப்படிச் சொல்வது? நாடா ஒரு சுற்றுச் சுற்றியாகிவிட்டது. அவள் குனிந்து சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். விட்டால் கட்டிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்க முடியும் என்றுதான் தெரியவில்லை.

"சித்தி, அவுத்துடுங்க." சகாயராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்திருந்தான். "மூணு நாளு கட்டியாச்சு. போதும்."

சித்தி நாடாவை உருவி மடியில் போட்டுக்கொண்டாள்.

ஜெபமாலையைத் தலைமாட்டில் வைத்து, பெட்டியைத் திறந்தபடியே வண்டியில் ஏற்றினார்கள். கோயிலில் பூசை முடிந்து, வாய்க்கால் ஓரமாகக் கல்லறைத் தோட்டத்துப் பாதையில் திரும்பியது வண்டி. நடவு வயல்களில் இருந்தவர்கள் கரையேறி நின்றார்கள். மதகு மேட்டில் சக்கரம் ஏறி இறங்கியபோது பெட்டி குலுங்கி, அம்மாவின் வலது கை நெஞ்சிலிருந்து சரிந்து விளிம்புக்கு வெளியே விழுந்தது. வண்டி தள்ளியவர் அதை உள்ளே எடுத்து வைக்கப் போனார்.

"இருக்கட்டும்ணே" என்றான் சகாயராஜ்.

அவன் பெட்டியை ஒட்டி நடந்தான். ஒவ்வொரு குழிக்கும் அந்தக் கை கொஞ்சம் எழும்பி, கொஞ்சம் தாழ்ந்தது. அவன் வேறு எங்கும் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டு போனான்.