கஞ்சி போட்ட வெள்ளை

ஜெயசீலி செய்யாதது ஒன்றும் பாக்கி இல்லை. பினாயில் ஊற்றினாள். சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினாள். அடுப்புச் சாம்பலைக் கொட்டி, தென்னந்துடைப்பம் கட்டையாகும் வரை தேய்த்தாள். கடைசியில், கிறிஸ்து வேதத்தில் சேர்ந்த வீடு என்பதையும் மறந்து சாம்பிராணிகூடப் போட்டுப் பார்த்தாள். சனியன், அசைவேனா என்றது. பின்கட்டு ஜலதாரையிலிருந்து கிளம்பிய நாற்றம் சமையலறைக்குள் நுழைந்து சோற்றுத் தட்டு வரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது.

சித்தூரில் வாடகைக்கு அந்தப் பின்கட்டு சும்மா கிடைத்துவிடவில்லை. அவள் புருஷன் இயேசுதாசன் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். புருஷனும் பெண்டாட்டியும் நாலு தெரு ஏறி இறங்கினார்கள். வீட்டுக்காரர்கள் என்ன ஜாதி ஜனம் என்று கேட்டார்கள், கதவைச் சாத்தினார்கள். இந்த வீட்டுக்காரி ரத்னம்மா ஒருத்திதான் கேட்கவில்லை. இயேசுதாசனின் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எப்ப வர்றீங்க வாத்தியாரே?” என்றாள்.

அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் ஜெயசீலி ஒரு பானைக் கஞ்சி காய்ச்சினாள். மிஷன் வெள்ளைக்காரத் துரைசானியம்மாளின் போர்டிங்கில் படித்தபோது கற்றுக்கொண்ட வித்தை அது. புருஷன் சட்டை, தன் புடவை, இரண்டு பெண்களின் பாவாடை எல்லாம் கஞ்சியில் முங்கி எழுந்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது மொடமொடவென்று நிற்கும். அந்த வெள்ளைதான் தங்கள் தலைக்கு மேல் கூரை என்று அவள் நம்பினாள். நம்பியதில் தப்பும் இல்லை.

எட்டு மாதம் அப்படி ஓடியது. அப்புறம்தான் இந்த நாற்றம் வந்து குடலைப் பிடுங்கியது.

“நீங்க வர்றதுக்கு முந்தி இந்த வாசன லேதம்மா,” என்றாள் ரத்னம்மா, தெலுங்கு கலந்த தமிழில். “உங்ககூட வந்ததுதான். ஞாயித்துக்கெழமைக்குள்ள அது போகணும். இல்லன்னா நீங்க போகணும்.”

ஜெயசீலி உள்ளே வந்து தன் கையையே மோந்து பார்த்துக்கொண்டாள். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத ஏதோ ஒன்று தன்னோடு வந்துவிட்டதோ என்று, படித்தவள், ஜெபிக்கிறவள், அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தப் பேச்சு அப்படிப்பட்ட பேச்சு.

முனிசிபாலிட்டி ஆள் வந்தான். தெருச் சாக்கடையோடு தன் வேலை முடிந்தது, வீட்டுக்குள் கல்லைப் பெயர்க்க மாட்டேன் என்று போய்விட்டான்.

“எங்க மாமாவுக்குக் காயிதம் போடுங்க,” என்றாள் புருஷனிடம். இயேசுதாசன் பேனாவை எடுத்தான்.

துலுக்காணம் அவள் தாய்மாமன். வேதத்தில் சேராதவர். திருப்பதியில், யாத்ரீகர்கள் தங்கும் சத்திரங்களில் ஜலதாரை அடைப்பு எடுக்கிற வேலை. போன தைமாதம் குழந்தைகளைப் பார்க்க ரயிலேறி வந்தவரை அவள் ஸ்டேஷனிலேயே நிறுத்தி, வீடு ஒழுங்காயில்லை மாமா என்று சொல்லி, காப்பி வாங்கிக் கொடுத்து அடுத்த வண்டியில் திருப்பி அனுப்பியவள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் இன்றுவரை அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலையில் வந்தார். யாரும் சொல்லாமலே பின்பக்கத்துச் சந்து வழியாக வந்தார்.

“இன்னா சீலி, எளச்சிப் போய்க்கினு கீற?” என்றார். அவ்வளவுதான் விசாரணை. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, கடப்பாரையால் ஜலதாரைக் கல்லை நெம்பி எடுத்து, தோள்வரை கையை விட்டார். வெள்ளை வெள்ளையாக, கொழகொழவென்று, புளித்துப் போன கட்டிகள் கைகையாக வந்து விழுந்தன.

“யாரு கண்ணு இம்மாங் கஞ்சி ஊத்தனது?”

அவள் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். இந்த வாரத்துக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. துணி முக்கியது போக மீந்ததையெல்லாம் எட்டு மாதமாக அவள் ஊற்றிய இடம் இதுதான். பிறப்பும் இல்லை, பாவமும் இல்லை. வீட்டைக் காப்பாற்றப் போட்ட கஞ்சிதான் உள்ளே கிடந்து அழுகியிருக்கிறது. ஜெயசீலிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

பத்துக் குடம் வெந்நீர் ஊற்றியதும் ஜலதாரை கடகடவென்று ஓடியது. துலுக்காணம் கல்லைப் பொருத்தினார். கிணற்றடியில் குளித்து, சட்டையை மாட்டிக்கொண்டு சந்துப் பக்கம் திரும்பினார்.

“எங்க போற மாமா? உள்ள வா. துன்னுட்டுப் போ.”

“வாணாம் சீலி. வூட்டுக்காரம்மா பாத்தா…”

“குந்து மாமா.”

கூடத்தில் இலை போட்டாள். அவர் இரண்டு கவளம் எடுத்திருப்பார், ரத்னம்மா வந்துவிட்டாள். ஜலதாரை ஓரம் நின்று மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“பேஷ்! சுத்தமாப் போயிடுச்சே!” என்றவள், சுவரோரம் கடப்பாரையையும் இலைமுன் இருந்தவரையும் பார்த்தாள். “யாரம்மா இது? கூலியாளா? கூடத்துல ஒக்கார வெச்சிருக்க?”

துலுக்காணத்தின் கை இலையில் நின்றது. ஆமாம் என்று அவரே தலையசைக்கப் போனார். அந்த ஒரு தலையசைப்புப் போதும், வீடு நிலைத்துவிடும். ஜெயசீலி அதைப் பார்த்துவிட்டாள்.

“கூலியாளு இல்லீங்க. எங்கம்மாகூடப் பொறந்தவரு. என் தாய்மாமன்.”

ரத்னம்மா, துளி நாற்றம் இல்லாத அந்த வீட்டில், முந்தானையை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

ஜெயசீலி கஞ்சிப் பானையை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். மாமாவின் இலையில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

“துன்னு மாமா. நாளைக்கிக் கோயிலுக்குப் போயாந்து சாமான் கட்டணும். கூட இருந்துட்டுப் போ.”